ஒரு நூல் குறைந்த மடிப்பு

நான் குடியிருக்கும் மாடி அறையின் தரையில் முட்டையை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும். ஒருமுறை சோதித்தும் பார்த்தேன். வேகவில்லைதான், ஆனால் அன்று மின்சாரம் இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பது சலவைக்கடை. காலை ஏழு மணிக்கு நான்கு இஸ்திரிப் பெட்டிகள் சூடேறினால், மாலை ஆறு மணிவரை என் அறையில் கோடைதான். மழையில் ஊரே பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்கும்போது நான் பனியனோடு உட்கார்ந்து பத்திரிகை படிப்பேன். தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருஷம் கடிதம் பிரித்தவனுக்கு அரசாங்கம் தராத சலுகையை ஒரு சலவைக்கடை தந்தது.

தினமும் பத்து மணிக்குத் தேநீர்க் கோப்பையோடு கீழே இறங்கி மாடிப்படியின் மூன்றாம் படியில் உட்காருவேன். அந்தக் கடையில் மனிதன் உட்கார இருந்த ஒரே இடம் அதுதான். துணி கொடுக்க வந்தவர்கள் நின்றுகொண்டு கொடுத்தார்கள். முதலாளி நின்றுகொண்டு சீட்டு எழுதினார். உள்ளே நீளமான மேஜையின் முன்னால் நான்கு பெண்கள் நின்றுகொண்டு தேய்த்தார்கள். கடையை ஆரம்பித்த பெரியவர் சாகும்வரை சொன்ன வேதவாக்கு ஒன்று உண்டு. "நின்னு தேய்ச்சாத்தான் மடிப்பு நிக்கும்." அவர் போய் இருபத்தைந்து வருஷம் ஆகியும் அந்த வாக்கு மட்டும் உட்காரவில்லை.

அவருடைய மகன்தான் இப்போதைய முதலாளி. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'விறைப்பு' என்று பெயர். அவர் சட்டைக்குப் போடுகிற கஞ்சியில் ஒரு சின்னப் பாலமே கட்டிவிடலாம். பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் கழுத்து மட்டும் தனியாகத் திரும்பாது. காலர், சட்டை, இடுப்பு எல்லாம் சேர்ந்து, கப்பல் திரும்புகிற மாதிரி மெதுவாகத் திரும்பும். ஆனால் மனுஷர் தங்கம். மாதா கோயிலில் விடிகாலைப் பூசைக்குப் போகாமல் கடை திறக்கமாட்டார். பூசைப் பீடத்தில் விரிக்கும் பீடத்துணிகளைத் தகப்பன் காலத்திலிருந்தே இலவசமாக வெளுத்துத் தருகிற குடும்பம். சனிக்கிழமைதோறும் கோயில் வாசலில் ஏழைகளுக்கு ரொட்டி அவர் செலவு.

மேஜையின் முதல் இடம் அவருடைய அக்காவுக்கு. புருஷன் போன பிறகு பிறந்த வீட்டோடு வந்தவர். வந்த மறுநாளே இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவர். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷமாக அதே ஒரு முழம் தரையில் நின்றதில், சிமெண்டில் அவருடைய பாத அளவுக்குக் குழி விழுந்திருக்கும். மழை பெய்தால் அதில் மீன் விடலாம். அடுத்து 'ரேடியோ', ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்து 'ஊசி', மெலிந்த உடம்பு, மெலிந்த குரல், பேசினால் குத்தும். கடைசியில் 'புதுசு'. அவள் வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவளுக்குப் பின் யாரும் வராததால் இன்னும் புதுசுதான்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டையாக வரும். கொதிநீர்த் தொட்டியில் வெளுத்து, பிழிந்து, ஈரம் போகுமுன் மேஜைக்கு வரவேண்டும். காய்ந்துவிட்டால் சுருக்கம் பிடிவாதம் பிடிக்கும். ஈரம் அதிகமானால் பெட்டி இழுக்கும். அக்கா துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இப்ப" என்பார். அந்த 'இப்ப'வுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. எட்டுக் கைகளும் இறங்கும். நீராவி எழும்பி நான்கு முகங்களும் மறைந்துபோகும். ரேடியோவின் பேச்சு மட்டும் அந்த மேகத்துக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும்.

அந்த வருஷ மழைக்கு முன்னால் அக்காவின் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது. மிளகு அளவில் வந்தது, காசு அளவாகி, உள்ளங்கை அளவாகியும் ஆறவில்லை. முதலாளியின் மனைவி தினமும் சாயங்காலம் வெந்நீரில் கழுவிக் கட்டுப்போட்டு விடுவாள். நரம்புகள் காலெங்கும் கொடி மாதிரி புடைத்து ஓடுவதை நானே பார்த்தேன். டாக்டர் பார்த்துவிட்டு இரண்டே வாக்கியம் சொன்னாராம். உட்கார்ந்து வேலை செய்யுங்கள். இல்லையென்றால் இந்தக் காலை நான் ஒருநாள் எடுக்கவேண்டி வரும்.

மறுநாள் காலை முதலாளி வீட்டுக்குள்ளிருந்து உயரமான ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையின் முதல் இடத்தில் போட்டார். அப்பாவின் வேதவாக்கை மீறுகிற விஷயம், முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, உக்காரு."

அக்கா ஸ்டூலைப் பார்த்தார். பிறகு வரிசையாக மற்ற மூவரையும் பார்த்தார்.

"இவங்களுக்கு?"

"இவங்களுக்கு என்ன? கால் நல்லாத்தானே இருக்கு."

"என் காலும் நல்லாத்தான் இருந்துச்சு, இங்க வர்றதுக்கு முன்னாடி."

"அக்கா, உனக்கு முடியல, அதனால நீ உக்கார்ற. கடைக்குன்னு ஒரு முறை இருக்குல்ல?"

"நாலு பேர் நிக்கிற வரிசையில நான் மட்டும் உக்காந்தா, நான் முதலாளியோட அக்கா. நின்னா வேலைக்காரி. இத்தனை வருஷம் வேலைக்காரியா இருந்துட்டேன் தம்பி. இனிமே மாறணுமா?"

ஊசி தலைநிமிராமல் சொன்னாள். "உக்காருங்கக்கா. நாங்க புண்ணு வந்ததும் ஒவ்வொருத்தரா உக்காந்துக்கறோம்."

முதலாளி கப்பல் மாதிரித் திரும்பி அவளைப் பார்த்தார். ஸ்டூல் சாயங்காலம் வரை காலியாகக் கிடந்தது. அக்கா அதன் பக்கத்திலேயே நின்று நூற்றுப் பத்து விரிப்பு தேய்த்தார். கட்டுத்துணியில் ஈரம் கசிந்தது.

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த கழுதைங்க சார்," என்றாள் முதலாளியின் மனைவி, எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே. "ஒண்ணு நாலு பேரையும் உக்கார வைக்கமாட்டேங்குது. இன்னொண்ணு தனியா உக்காரமாட்டேங்குது. நடுவுல நான் தினம் சீழ் தொடைக்கிறேன்."

இந்தப் பிடிவாதம் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில்தான் முதலாளி கோயிலுக்கு ஒரு பெஞ்சு செய்யச் சொன்னார். தகப்பன் இறந்து இருபத்தைந்தாம் வருஷம். முன்வரிசைக்கு, தேக்கில், சாய்மானம் இல்லாமல், நான்கு பேர் தாராளமாக உட்காரும்படி, முகப்பில் 'எங்கள் தந்தையின் நினைவாக' என்று எழுத்து வெட்டி.

தச்சர் டேப்பை எடுத்தபோது முதலாளி தடுத்துவிட்டார். "அப்பா கோல் இருக்கறப்போ டேப் எதுக்கு?"

அந்தக் கோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துணி மடிப்பதற்கு அளவுகோல் அது. ஒரு முனையில் பித்தளைப் பூண். உடம்பில் இரண்டே வெட்டு. பித்தளை முனையிலிருந்து முதல் வெட்டு முழங்கால் உயரம். தலையணை உறைக்கான அளவு. அடுத்த வெட்டு பீடத்துணிக்கு. சலவைக்கடைக்காரர்களுக்குப் பித்தளைதான் தலை. துணியை அங்கிருந்து தொங்கவிட்டுத்தான் மடிப்பார்கள். அதனால் முதலாளி, "முதல் வெட்டு வரைக்கும் உயரம்" என்று சொல்லிக் கோலைக் கொடுத்தனுப்பினார். ஆனால் தச்சர் சலவைக்காரர் இல்லையே. பளபளக்கிற பித்தளையைக் கொண்டுபோய் எவன் தரையில் வைப்பான்? அதை மேலே வைத்து, கைத்தடி மாதிரிக் கோலை நிறுத்தி, தரையிலிருந்து முதல் வெட்டைப் பார்த்தார். அது இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. பெரிய மனுஷர் வீட்டு ஆர்டர், காரணம் இருக்கும் என்று அப்படியே செய்துவிட்டார்.

பெஞ்சு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூசைக்குப் பத்து நிமிஷம் முன்னால், போர்த்திய துணியோடு நேராகக் கோயிலுக்கு வந்து இறங்கியது. துணியை எடுத்தார்கள். மணி அடித்துவிட்டதால் அப்படியே முன்வரிசையில் போட்டாயிற்று.

ரொட்டிக்கடைக்காரரை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். பள்ளிக்கூட ஆசிரியை ஒருமாதிரி எம்பி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர்களின் கால்கள் தரையை எட்டாமல் குழந்தைகளின் கால்கள் மாதிரி ஆடின. பின்னால் ஆறு வரிசைக்குப் பீடம் தெரியவில்லை, ரொட்டிக்கடைக்காரரின் முதுகுதான் தெரிந்தது. முழங்காலில் நிற்கும் நேரம் வந்தபோது அவர் கீழே பார்த்த பார்வை, கிணற்றுச் சுவரில் நிற்கிறவனின் பார்வை. அவர் குதித்தபோது பலகணிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. பக்கத்து ஊர்க் கோயிலிலும் அதிர்ந்ததாகச் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று மறந்துவிட்டது. முதலாளி மட்டும் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுகள் இரண்டும் சிவந்திருந்தன.

"கால்களை அறுத்துட்டாச் சரியாப் போயிடும் சாமி," என்றார் பூசை முடிந்ததும்.

பங்குச் சாமியார் முப்பது வயதைத் தாண்டாதவர். சைக்கிளில்தான் எங்கும் போவார். மழை வெயில் பாராத ஜலதோஷக்காரர். சலவைக்கடைக்கு வரும் கைக்குட்டைகளில் பாதி அவருடையது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மரம்," என்று மட்டும் சொன்னார்.

அறுப்பதற்காகப் பெஞ்சு சலவைக்கடைக்கு வந்தது. அன்று மதியம் மழை பிடித்தது. தச்சரின் பட்டறை ஒழுகியது, அவர் வரவில்லை. கடையில் நனையாத இடம் ஒன்றே ஒன்று, தேய்க்கும் மேஜையின் ஓரம். மேஜையை ஒட்டி, நான்கு பெண்களின் முதுகுக்குப் பின்னால், ஒரு சாண் இடைவெளியில் அது நின்றது.

திங்கள் முதல் வெள்ளிவரை நான் பார்த்த வேடிக்கை அது. தேக்குப் பெஞ்சு காலியாக இருக்க, நான்கு பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். புதுசு பின்னால் ஓரடி எடுத்து வைத்தால் தொடை அதில் இடிக்கும். சுட்டதுபோல முன்னால் வந்துவிடுவாள். தேய்த்த விரிப்புகளைக்கூட யாரும் அதன்மேல் வைக்கவில்லை.

"இது சாமிக்குன்னு செஞ்சதுடி, அப்பா பேரு வேற போட்டிருக்கு," என்றாள் ரேடியோ. "உக்காந்தா மோட்சம் போயிடும். நின்னா காலு போயிடும். எதை விடறதுன்னு நீயே சொல்லு."

"உனக்கு ரெண்டும் போகாது, நாக்குதான் போகும்," என்றாள் ஊசி.

அக்கா சிரிக்கவில்லை. புதன்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மேஜைக்கு வந்தார். வியாழன் அன்று கட்டை அவிழ்த்தபோது முதலாளியின் மனைவி என்னைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டாள், நான் போகவில்லை. எனக்கு எல்லாவற்றையும் பெரிதாக்கிச் சொல்லும் பழக்கம் உண்டு. பெரிதாக்கத் தேவைப்படாத விஷயங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாமியார் பீடத்துணி வாங்க வந்தார். வழக்கமாக வந்து வாங்கிப்போகும் கோயில்பிள்ளைக்குக் காய்ச்சல். சைக்கிளைச் சாத்திவிட்டு, குடையிலிருந்து நீர் சொட்ட உள்ளே வந்தவர் மேஜையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார்.

"இது யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கு?"

"ஆசாரிக்காக சாமி," என்றாள் ரேடியோ.

"அம்மா, உங்க கால் எப்படி இருக்கு?"

"இருக்கு சாமி," என்றார் அக்கா.

முதலாளிக்கு அதுவரை அடைத்து வைத்திருந்தது வந்துவிட்டது. "நீங்களாவது சொல்லுங்க சாமி. தனியா ஸ்டூல் போட்டேன். உக்காரமாட்டேங்குது. நான் என்ன ஈவு இரக்கம் இல்லாதவனா? யாருக்கு நான் குடுக்காம இருந்திருக்கேன்?"

"நீங்க குடுக்கறது ஊருக்கே தெரியும்," என்றார் சாமியார். ஒரு தும்மல் வந்து போனது. "ஒரு சந்தேகம். துவைக்க வந்த சட்டை ஒண்ணு உங்க அலமாரியில இருக்கு. வாசல்ல ஒருத்தன் குளிர்ல நடுங்கறான். அந்தச் சட்டையை எடுத்து அவனுக்குக் குடுத்தா அது தர்மமா?"

"அது எப்படி சாமி? அது திருட்டு. சட்டைக்காரன் வந்து கேட்டா என்ன சொல்றது?"

"ஆமால்ல. இன்னொருத்தருக்குச் சேர வேண்டியதை எடுத்துக் குடுத்தா அது தர்மம் ஆகாது."

சாமியார் அதோடு நிறுத்திக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார். முதலாளியின் பார்வை பெஞ்சின் முகப்பில் இருந்த எழுத்துக்குப் போய், அங்கிருந்து அக்காவின் கட்டுக்கு வந்து, மறுபடி எழுத்துக்குப் போனது.

"அது வேற இது வேற சாமி," என்றார் கடைசியில். குரலில் கஞ்சி இல்லை. "உக்காந்து தேய்ச்சா மடிப்பு நிக்காது. உடம்புக் கனம் பெட்டியில எறங்கணும். அப்பா சொன்னதுக்காக மட்டும் இல்ல. நான் கண்ணை மூடிக்கிட்டுத் தடவியே சொல்லுவேன்."

"அப்ப மூடுங்க," என்றாள் ரேடியோ.

கண்ணைக் கட்டச் சாமியார் தம் கைக்குட்டையை நீட்டினார். எல்லோரும் ஓரடி பின்வாங்கினோம். முதலாளியின் மனைவி சுத்தமான தலையணை உறையால் கண்ணைக் கட்டினாள்.

"உக்காருங்கக்கா," என்றாள் ஊசி.

"நீங்களும்தான்," என்றார் அக்கா.

நால்வரும் பின்னால் சாய்ந்தார்கள். ஏறவும் வேண்டியிருக்கவில்லை, இறங்கவும் வேண்டியிருக்கவில்லை. இடுப்பு பின்னால் போன இடத்தில் பெஞ்சு இருந்தது. கால்கள் பாதி நீண்டு தரையைத் தொட்டன. மேஜை சரியாகக் கைக்கு வந்தது. கோயிலில் கோமாளியாக நின்ற பெஞ்சு, இங்கே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. யாரும் பேசவில்லை, ரேடியோகூட. பதினோரு வருஷப் புதுசு தன் பாதத்தை ஒருமுறை மேலே தூக்கி, அதைத் தூக்க முடிகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஒரு பீடத்துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தபடி தேய்த்தார். பெட்டியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஓட்டினார். மடித்து, காலையில் நின்று தேய்த்த நான்கு துணிகளோடு கலந்து வைத்தாள் முதலாளியின் மனைவி.

சூடு காட்டிக்கொடுத்துவிடும் என்று ஐந்து துணிகளும் சூடு தணியும்வரை காத்திருந்தோம். பிறகு முதலாளியின் விரல் ஒவ்வொரு மடிப்பின்மேலும் போனது. முதலாவது. இரண்டாவது. மூன்றாவதில் நின்றது, தாண்டிப் போனது, திரும்பி வந்தது. அவர் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன், என் வாழ்நாளில் அவ்வளவு பலமாக நான் எதற்கும் வேண்டியதில்லை.

"இது," என்றார். "இதுதான் உக்காந்து தேய்ச்சது. ஒரு நூல் குறையுது."

சரியாகச் சொல்லிவிட்டார். புதுசு மெல்ல எழுந்து நின்றாள். ஊசியும் எழுந்தாள்.

அக்கா எழவில்லை.

"குறையும் தம்பி," என்றார். "நீ சொல்றதுல தப்பில்ல, அப்பா சொன்னதுலயும் தப்பில்ல. நின்னு தேய்ச்சா ஒரு நூல் கூடுதலாத்தான் விழும். அந்த ஒரு நூல் எங்கேர்ந்து வருதுன்னு யாரும் கேக்கல, அவ்வளவுதான். எங்க கால்லேர்ந்து வருது."

முதலாளி கண்கட்டை அவிழ்க்காமல் அப்படியே நின்றார். உறைக்குக் கீழே தாடை அசைந்தது. சாமியார் மூன்றாவது துணியை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"இந்த ஞாயித்துக்கெழமைக்கு இது போதும்," என்று சொல்லிவிட்டு மழைக்குள் சைக்கிளை எடுத்தார்.

சனிக்கிழமை மழை விட்டது. விடிந்ததும் தச்சர் ரம்பத்தோடு வந்து நின்றார். கோலைத் தலைகீழாகப் பிடித்த பாவத்துக்குக் கூலியே வேண்டாம் என்று புலம்பினார். "சொல்லுங்க, எந்த வெட்டு வரைக்கும் அறுக்கட்டும்?"

முதலாளி கோலை எடுக்கவில்லை. தச்சரின் கையிலிருந்த ரம்பத்தைப் பார்த்தார். உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்த அக்காவின் காலைப் பார்த்தார்.

"அறுக்க வேணாம்," என்றார்.

"கோயிலுக்கு?"

"கோயில்ல எல்லாரும் உக்காந்துதான் இருக்காங்க." பெஞ்சின் விளிம்பைத் தடவினார். "மேல ஒரு ஓரம் கூராயிருக்கு. தொடையில குத்தும். அதை மட்டும் இழைச்சுக் குடுங்க."

அக்கா நேரே போய்ப் பெஞ்சின் முதல் இடத்தில் உட்கார்ந்தார். தம்பியைப் பார்க்கவில்லை. துணியைக் கன்னத்தில் வைத்து, "இப்ப" என்றார். மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள். எட்டுக் கைகளும் இறங்கின. ஆஸ்பத்திரி விரிப்புகள் ஒரு நூல் குறைந்து போயின. இன்றுவரை எந்த நோயாளியும் புகார் சொல்லவில்லை.

மறுநாள் கோயிலில் நான் வழக்கம்போலக் கடைசி வரிசையில், கதவோரம் இருந்தேன். சீக்கிரம் கிளம்ப வசதி. முன்வரிசையில் பெஞ்சுக்காக ஒதுக்கிய இடம் காலியாகக் கிடந்தது. முதலாளி வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். முப்பது வருஷத்தில் அவரை நான் கடைசி வரிசையில் பார்த்ததில்லை. பிரசங்கம் முடியும்வரை பீடத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியுதா சார்?" என்றார் கிசுகிசுப்பாக.

"என்ன?"

"நடு மடிப்பு. நுனியில சாஞ்சிருக்கு."

"எனக்குப் பீடமே மங்கலாத்தான் தெரியுது."

"எனக்குத் தெரியுது." கைகளைக் கட்டிக்கொண்டார். "இருக்கட்டும்," என்றார்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் கவனித்தேன். திரும்பியது கழுத்து மட்டும்தான். சட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. காலரின் ஒரு முனை, உட்கார்ந்து தேய்த்த யாரோ ஒருத்தியின் கையிலிருந்து வந்தது, லேசாக மடங்கித் தோளில் சாய்ந்திருந்தது.